தைலம் காய்வதற்குள்

கேள்வி: உறுதிப்பூசுதல் முடிந்த மறுவாரமே பிள்ளைகளைக் கோயிலில் காணோம். மறைக்கல்வி வகுப்பை இன்னும் ஒரு வருஷம் நீட்டினால் நிற்பார்களா?
– மறைக்கல்வி ஆசிரியை, தூத்துக்குடி

பதில்: வகுப்பை நீட்டினால் கொட்டாவிதான் நீளும், டீச்சர்! ஆயர் நெற்றியில் தைலம் பூசுவதை, டி.சி. கொடுத்து அனுப்புவதாகப் பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். தூய ஆவியின் ஏழு கொடைகளையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் பையனிடம், "இதில் திடம் உனக்கு எங்கே தேவைப்பட்டது?" என்று கேட்டுப் பாருங்கள். முதலில் விழிப்பான். பிறகு, வகுப்பே சேர்ந்து ஒருவனைக் கேலி செய்தபோது தான் வாயை மூடிக்கொண்டிருந்ததை மெல்லச் சொல்வான். பாடம் அங்கேதான் தொடங்குகிறது. அதற்கு நேரம் கொடுங்கள். மறைக்கல்வித் தேர்வு காத்திருக்கட்டும்.

அப்புறம், தைலம் காய்வதற்குள் கையில் ஒரு வேலையைக் கொடுத்துவிடுங்கள். திருப்பலியில் வாசகம், பாடற்குழு, வின்சென்ட் தே பவுல் சபையாரோடு ஏழை வீடுகளுக்கு ஒரு நடை. ஞானப் பெற்றோரையும் விடாதீர்கள். திருமுழுக்கில் நின்றவரே உறுதிப்பூசுதலுக்கும் நிற்பது விரும்பத்தக்கது என்கிறது திருச்சபைச் சட்டம் 893. பலருக்கு அந்த உறவு ஒரு புதுச் சட்டையோடு முடிந்துபோகிறது.

புனித கார்லோ அகுதிஸ் 2006-இல் இறந்தபோது வயது 15தான். அதற்குள் நற்கருணை அற்புதங்களை இணையத்தில் தொகுத்து வைத்துவிட்டார். உங்கள் பங்கிலும் கைபேசியில் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று இருக்கும். பூசையின் யூடியூப் நேரலையை அதன் பொறுப்பில் விடுங்கள். அடுத்த ஞாயிறு உபதேசியாருக்கு முன்பே வந்து நிற்கும்.