காது குத்திய மாமன்

தங்கச்சியின் மகளுக்குக் காது குத்தியது என் மடியில் வைத்துத்தான். தாய்மாமனுக்குரிய மரியாதை எல்லாவற்றையும் குறைவில்லாமல் வாங்கிக்கொண்டேன். அந்தக் காதுக்கு எவ்வளவு கேட்கிறது என்ற கேள்வி மட்டும் எனக்கு வரவில்லை. ஆஸ்பத்திரியில் சோதித்து, இரண்டு காதுக்கும் கருவி வேண்டும் என்று சொன்ன அன்று நான் உதிர்த்த முத்து இது: “இஞ்சத்தை டொக்டர்மார் எல்லாத்துக்கும் பயப்படுத்துவினம். எங்கட அப்பாவே பிந்தித்தான் கதைச்சவர்.” அப்பா எப்போது கதைத்தார் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் அப்போது பிறக்கவேயில்லை.

கேட்டல் குறையோடு பிறக்கும் பிள்ளைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேலானவர்களின் தாய் தகப்பன்மார் நன்றாகக் காது கேட்பவர்கள். அதனால் வீட்டில் யாருக்கும் முன்னனுபவம் இருப்பதில்லை. அனுபவம் இல்லாத வீட்டில் ஆலோசனை பெருகும். எங்கள் வீட்டில் பெருக்கியவன் நான்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் ஊரில் காதுகேளாத பிள்ளைகள் படித்த, 1956இல் தொடங்கிய கைதடி நஃபீல்ட் பாடசாலைதான். பிள்ளைகள் அங்கே விடுதியில் தங்கிப் படித்தார்கள். அவர்களை பஸ்ஸில் இருந்தபடி பார்த்ததோடு என் பங்கு முடிந்தது. ஆகவே இது பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளும் விஷயம் என்று மண்டையில் ஏறிவிட்டது. சென்னையில் இப்படியான பிள்ளைகளுக்காக 1969இல் தொடங்கிய பால வித்யாலயாவில் தாயும் பிள்ளையோடு வகுப்பில் இருக்க வேண்டும் என்று எங்கோ வாசித்தேன். உடனே தங்கச்சியைக் கூப்பிட்டு, “ஒரு வருசம் சென்னையில போய் இருந்தால் என்ன?” என்றேன்.

“அண்ணா, இந்த மொன்றியலிலேயே 1950இல தாய் தகப்பன்மார் சேர்ந்து இப்பிடிப் பிள்ளையளுக்கு ஒரு பள்ளிக்கூடம் தொடங்கியிருக்கினம். தெரியுமோ?”

இங்கே வந்து தலை நரைத்துவிட்டது. தெரியாது.

சரி, கையால் உதவுவோம் என்று இறங்கினேன். கருவிக்குப் போடும் குட்டிப் பற்றரி காற்றுப் பட்டால்தான் வேலை செய்யும். மேலே ஒட்டியிருக்கும் நிறத் தாளை உரித்த கணத்திலிருந்து, கருவியில் போட்டாலும் போடாவிட்டாலும் அது தீர்ந்துகொண்டே இருக்கும். பெட்டியில் பிரெஞ்சில் ஒரு தரமும் ஆங்கிலத்தில் ஒரு தரமும் இது எழுதியிருந்தது. தங்கச்சிக்கு வேலை மிச்சமாகட்டும் என்று பெட்டியில் இருந்த அத்தனையையும் உட்கார்ந்து உரித்து, அழகாக அடுக்கி வைத்தேன்.

குளிர்காலம் வந்தது. கம்பளித் தொப்பியைக் காது மூட இழுத்துவிட்டால் கருவியின் ஒலி வெளியே கசிந்து, அதன் மைக்கிலேயே திரும்ப விழுந்து ‘கீ’ என்று கூவும். மெட்ரோவில் அந்தச் சத்தம் கேட்டு, “எவனடா விசில் அடிக்கிறது?” என்று பெட்டி முழுவதையும் முறைத்தவன் நான்.

இதெல்லாம் மைக் விவகாரத்துக்கு முன்னால் ஒன்றுமில்லை. கேட்கும் கருவி எவ்வளவு விலையானதென்றாலும், பேசுபவர் இரண்டு மீற்றர் தள்ளிப் போனால் பேச்சும் இரைச்சலும் கலந்துவிடும். அதற்காகத்தான் கழுத்தில் மாட்டும் ஒரு மைக் இருக்கிறது. வகுப்பில் ஆசிரியை மாட்டினால் அவர் குரல் நேரே பிள்ளையின் காதுக்குப் போகும். ஒரு பிறந்தநாள் விழாவில் என்னை நம்பி அதை என் கழுத்தில் மாட்டினார்கள். கேக் வெட்டும்போது நாலு வார்த்தை பேசினேன். பிறகு மண்டபத்துக் குசினிக்குப் போய், பிள்ளையின் தகப்பன் எவ்வளவு பெரிய கஞ்சன், மண்டபக்காரனிடம் எவ்வளவு குறைத்திருப்பார் என்று ஒரு சிநேகிதரோடு விலாவாரியாக ஆராய்ந்தேன். அங்கிருந்து கழிவறைக்கும் போனேன். மைக்கை நிறுத்தும் பொத்தான் என் நெஞ்சிலேயே தொங்கியது. திரும்பி வந்தபோது மருமகள் கேட்டுக்கொண்டிருந்தாள்: “அப்பா, கஞ்சன் எண்டால் என்ன?”

கருவி வேலை செய்கிறதா என்று சந்தேகப்பட்ட உறவினர் எல்லோருக்கும் அன்று தெளிந்தது.

கத்தினால் கேட்கும் என்பது என் அடுத்த கொள்கை. கத்தும்போது வாய் கோணுகிறது, உதட்டைப் படிக்க முடியாமல் போகிறது. ‘அப்பா’வுக்கும் ‘அம்மா’வுக்கும் உதட்டசைவு ஒன்றுதான். பிள்ளை முகத்தையும் சூழலையும் பார்த்தே பிரித்தறிய வேண்டும். நானோ முகத்தைத் திருப்பிக்கொண்டு, மேலுதட்டை முழுதாக மூடிய மீசைக்குள்ளிருந்து முழங்குவேன். “மாமா, கத்தாதேங்கோ. என்னைப் பாத்துக் கதையுங்கோ” என்று அவளே ஒருநாள் பாடம் எடுத்தாள்.

ரோசம் வந்து சைகை மொழி படிக்கப் புறப்பட்டேன். யூடியூபைப் பார்த்து இரவிரவாகப் பழகி, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் முன்னால் நின்று அபிநயம் பிடித்தேன். மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஒன்றும் விளங்கவில்லை. நான் படித்தது அமெரிக்கச் சைகை மொழி, அவள் பள்ளியில் பழகுவது கியூபெக் சைகை மொழி. இந்த நகரில் பிரெஞ்சுக் கத்தோலிக்கர் 1848இல் ஆண்பிள்ளைகளுக்கும் 1851இல் பெண்பிள்ளைகளுக்கும் காதுகேளாதோர் பள்ளிகள் தொடங்கினார்கள். ஆங்கிலப் புரட்டஸ்தாந்தர் 1870இல் தங்களுக்கென்று வேறொன்று தொடங்கினார்கள். வாயால் பேசுகிறவர்களின் பிரிவினை கைகளையும் பிரித்துவிட்டது. 1977ஆம் ஆண்டின் 101ஆம் சட்டத்தால் எங்கள் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்குப் போகிறார்கள் என்று ஊருக்கெல்லாம் விளக்கும் எனக்கு, கைக்கும் அதே கதைதான் என்று உறைக்கவில்லை.

பிரெஞ்சு, சைகை, தமிழ் எல்லாம் சேர்ந்தால் பிள்ளை குழம்பும், ஆகவே தமிழை விடுங்கோ என்று சொன்னவனும் நான்தான். தமிழ் விழா மேடைகளில் தொண்டை கிழியப் பேசுகிற அதே நான். பேச்சுப் பயிற்சியாளர் நேரெதிராகச் சொன்னாராம்: உங்களுக்குச் சரளமான மொழியில் நிறையக் கதையுங்கள். என் சொல் எடுபட்டிருந்தால் அவளுக்கும் அம்மம்மாவுக்கும் நடுவில் ஒரு சொல்லும் மிஞ்சியிராது.

2000ஆம் ஆண்டில் மேரி பாட் மொல்லர் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் இப்படியான 112 பிள்ளைகளின் மொழியை ஐந்து வயதில் அளந்து பார்த்து, அவர்களுக்கிடையே இருந்த வேறுபாட்டுக்குப் பெரிய காரணம் குடும்பத்தின் ஈடுபாடு என்று எழுதினார். ஈடுபாடு என்றால் வாட்ஸ்அப்பில் காதுக்கு விடும் மூலிகை எண்ணெய் வீடியோ அனுப்புவது என்று நான் விளங்கி வைத்திருந்தேன்.

இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். ஒன்று மட்டும் அப்படியல்ல. ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டு மேசையில் எல்லோரும் ஒரேயடியாகக் கதைப்போம். யாரோ பகிடி விட, மேசை சிரித்து ஓயும். அவள் என் கையைச் சுரண்டுவாள். “என்ன மாமா?”

“ஒண்டுமில்லை பிள்ளை, பிறகு சொல்லுறன்.”

பிறகு சொன்னதே கிடையாது. நான் மட்டுமல்ல, அந்த மேசையில் ஒருவரும் சொன்னதில்லை. இப்போது தங்கச்சியின் கட்டளை: பகிடி விட்டவர் நிறுத்தி, அவள் முகத்தைப் பார்த்து, இன்னொரு தரம் சொல்ல வேண்டும். இரண்டாம் தரம் சொல்லும்போதுதான் என் பகிடிகளில் முக்கால்வாசிக்குச் சிரிப்பே வராது என்பது வெளிச்சமாகிறது.

மொன்றியலில் கியூபெக் சைகை மொழி தெரிந்த தமிழர் யாரேனும் இருந்தால் அறியத் தாருங்கள். அம்மா உட்பட நாங்கள் எல்லோரும் படிக்கத் தயார். சம்பளத்தோடு ஞாயிறு புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் உண்டு. மீசை இருந்தாலும் பரவாயில்லை.