ஓவன் நடத்திய மில்

ஸ்பின்னிங் மில் வேலைக்குச் சேரும் எவருக்கும் முதலில் சொல்லித்தரும் பாடம், நூலை முறுக்கும் கதிர் நிற்கக் கூடாது என்பது. ஆள் வராவிட்டால் இன்னொரு ஆளைப் போடலாம். கதிர் நின்றால் நஷ்டம். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். அதற்கு மேல் ஒரு பாடம் உண்டென்று எனக்குக் காட்டியவர் ராபர்ட் ஓவன்.

1771-இல் வேல்ஸின் நியூடவுனில் பிறந்தவர். அப்பா குதிரைச் சேணம் செய்தார், இரும்புச் சாமான் விற்றார், ஊரின் தபால் வேலையையும் பார்த்தார். பத்து வயதில் மகனை ஒரு ஜவுளிக்கடை வேலைக்கு அனுப்பினார்கள். துணியின் தரம் பார்க்க அங்கேதான் கற்றுக்கொண்டார். இருபது வயதில் மான்செஸ்டரில் பீட்டர் டிரிங்க்வாட்டரின் மில்லுக்கு மேலாளர். கையின் கீழ் 500 பேர். முதல் ஆறு வாரம் உத்தரவே போடவில்லை என்று தன் வரலாற்றில் எழுதுகிறார். காலையில் முதல் ஆளாக வந்தார், கடைசி ஆளாகப் போனார், எல்லாவற்றையும் கவனித்தார். அதன் பிறகு அந்த மில்லின் நூல் 120 கவுண்டிலிருந்து 250-க்கு மேல் ஏறியது. கவுண்ட் ஏறி நூல் மெலிய மெலிய விலை கூடும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

1799-இல் ஸ்காட்லாந்தின் நியூ லானார்க் மில்லைக் கூட்டாளிகளுடன் 60,000 பவுண்டுக்கு வாங்கினார். விற்ற டேவிட் டேலின் மகள் கரோலினையே மணந்துகொண்டார். கிளைட் ஆற்றுத் தண்ணீரில் ஓடிய மில் அது. சுமார் 2,000 பேர் வாழ்ந்த ஊரில் 500 பேர் எடின்பரோ, கிளாஸ்கோ அநாதை விடுதிகளிலிருந்து வந்த பிள்ளைகள். டேல் இரக்கமுள்ளவர், சோறும் துணியும் தந்து இரவுப் பள்ளியும் வைத்தார். ஆனால் காலை ஆறு மணி முதல் மாலை ஏழு வரை மில்லில் நின்ற குழந்தைக்கு எழுத்து எப்படி ஏறும்?

ஓவன் அப்படிப் பிள்ளைகளை எடுப்பதையே நிறுத்தினார். பத்து வயதுக்குக் கீழே வேலை கிடையாது என்றார். 1816-இல் பள்ளி திறந்து, நடக்கத் தொடங்கிய குழந்தைகளையும் அதில் சேர்த்தார். வேலை நேரத்தைப் பத்தே முக்கால் மணியாகக் குறைத்தார். அதற்குச் சில வருடம் முன்பே, அமெரிக்க ஏற்றுமதித் தடையால் பஞ்சு விலை ஏறி, நான்கு மாதம் நூற்பு நின்றபோது, எந்திரங்களைத் துடைத்து வைக்கச் சொல்லி முழுக் கூலியும் கொடுத்தார். மொத்தம் 7,000 பவுண்டுக்கு மேல். தொழிலாளர்கள் அன்றுதான் அவரை நம்பத் தொடங்கினார்கள். அந்தப் பஞ்சை அமெரிக்காவில் விளைவித்தவர்கள் அடிமைகள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவருடைய அக்கறை அவ்வளவு தூரம் எட்டவில்லை.

செலவு அதிகம் என்று கூட்டாளிகள் எதிர்த்தார்கள். 1813-இல் மில் ஏலத்துக்கு வந்தபோது, தத்துவவாதி ஜெரமி பெந்தாம் உள்ளிட்ட புதிய கூட்டாளிகளுடன் 1,14,100 பவுண்டு கொடுத்து அவரே எடுத்தார். லாபம் தராத மில்லை யாரும் அந்த விலைக்கு வாங்கமாட்டார்கள்.

பிறகு அமெரிக்காவில் நியூ ஹார்மனி என்ற சமத்துவக் குடியிருப்பை அமைத்து, சேர்த்த சொத்தில் பெரும்பகுதியை இழந்தார். மகன்கள் அங்கேயே தங்கினார்கள். ராபர்ட் டேல் ஓவன் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரானார், டேவிட் நிலவியலாளர், ரிச்சர்ட் பர்டூ பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர். தகப்பன் 1858-இல், பிறந்த ஊரிலேயே கண்மூடினார்.

நியூ லானார்க் மில் 1968-இல் மூடப்பட்டது. 2001 முதல் அது உலகப் பாரம்பரியக் களம். முதலாம் எண் மில் இப்போது ஹோட்டல். பழைய எந்திரம் ஒன்று பார்வையாளர்களுக்காகக் கம்பளி நூல் நூற்கிறது.

நானும் அங்கே போய், ஓவனின் அந்தப் பள்ளி அறையில் நின்றபோது என் மனம் நம்மூர் மில் விடுதிகளுக்குப் போனது. மூன்று வருடம் வேலை செய்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லி, சுமங்கலித் திட்டத்தில் பதின்வயதுப் பெண்களைக் கொண்டுவந்தார்கள். பலருக்கு வாசலைத் தாண்டிப் போகவே அனுமதி இல்லை. நடுவில் உடம்பு முடியாமல் ஊர் திரும்பியவர்களில் பலருக்கு அந்தப் பணமும் கிடைக்கவில்லை. கதிர் மட்டும் நிற்கவில்லை.

இப்படி நடத்தினால்தான் மில் கட்டுப்படியாகும் என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. இருநூறு வருடத்துக்கு முன்பே, தண்ணீரில் ஓடிய மில்லில், ஒரு மேலாளர் அதைக் கணக்கோடு பொய்யாக்கிக் காட்டிவிட்டார். இன்று மில் பொறுப்பேற்கும் இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதல் ஆறு வாரம் கதிரோடு சேர்த்து, கதிரடியில் நிற்கும் பெண்ணின் முகத்தையும் பாருங்கள். அவள் எத்தனை மணி நேரம் தூங்கினாள், கடைசியாக எப்போது வீட்டுக்குப் போனாள் என்று தெரிந்துகொள்வதும் மேலாளரின் வேலைதான்.