உத்திரம் நடக்கிறது

சென்னையில் நாங்கள் குடியிருக்கும் வீட்டு ஒப்பந்தத்தில் ஆறாவது ஷரத்து, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்கிறது. கூரையைப் பற்றிப் பேச்சே இல்லை. அந்தத் தைரியத்தில் வீட்டுக்காரருக்குப் போன் செய்து, ஹாலில் தொட்டிலுக்கு ஒரு கொக்கி மாட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். மகா நல்ல மனிதர். பிள்ளை சுகமா என்று விசாரித்தார், யார் சாயல் என்று கேட்டார், கொக்கி வேண்டாம் என்றார்.

அப்படித்தான் ஸ்லிங் வாங்கினேன். பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளும் துணி. ஐந்து மீட்டர் நீளம். சேலை ஐந்தரை மீட்டர். அதில் அரை மீட்டரை வெட்டிவிட்டு விலையில் மூவாயிரத்தைக் கூட்டினால் ஸ்லிங். கூடவே பதினோரு படம் போட்ட செய்முறைத் தாள் ஒன்று வந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரர் சிரித்துக்கொண்டே துணியைச் சுற்றுகிறார். ஆறாவது படத்துக்கும் ஏழாவது படத்துக்கும் நடுவில் அவருக்கு மூன்றாவது கை ஒன்று முளைத்து மறைந்திருக்க வேண்டும். வேறு விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

இதை மாமியாரிடம் என்ன பெயர் சொல்லிக் காட்டுவது? போனில் மொழிபெயர்த்துப் பார்த்தேன். ‘குழந்தைக் கவண்’ என்று வந்தது. வள்ளி தினைப்புனத்தில் கிளி விரட்டிய கவண்! போனை அணைத்துவிட்டு முத்துநகர் எக்ஸ்பிரஸில் மேல் பெர்த்தில் ஏறிப் படுத்தேன். தடக் தடக் என்று வண்டி ஆட்டிய ஆட்டத்தில் தூத்துக்குடி வரைக்கும் அசையவில்லை. முப்பத்து நாலு வயதுக்காரனை ஆட்டித் தூங்க வைக்க ஒரு ரயிலே வேண்டியிருக்கிறது; பிள்ளையைக் குறை சொல்லி என்ன?

அங்கிருந்து பஸ்ஸில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் வேம்பார். தலைப்பிரசவத்துக்கு வந்த மனைவி அங்கேதான் இருக்கிறாள். மகளுக்கு நாலரை மாதம். தலை நின்றுவிட்டது. அழுகைதான் நிற்கவில்லை.

மாமியார் துணியைக் கட்டைவிரலால் நெருடிப் பார்த்தார். “எய்யா, இதுல முந்தி எங்க?”

“முந்தி கிடையாது மாமி. இது பிள்ளையைக் கட்டிக்கிறதுக்கு.”

“கட்டிக்கிட்டு?”

“தூங்க வைக்கிறது.”

அவர் ஒன்றும் சொல்லாமல் மேலே பார்த்தார். நானும் பார்த்தேன். பழைய ஓட்டு வீடு, பனை உத்திரம். அதன் நடுவில் கயிறு உராய்ந்து உராய்ந்து வழவழவென்று ஒரு பள்ளம். என் மனைவியும் அவள் அண்ணன்மார் இருவரும், அதற்கு முன்னால் மாமியாரும் அவர் கூடப்பிறந்தவர்களும் ஆடிய பள்ளம் அது. அதிலிருந்து இப்போது என் மகளின் தொட்டில் தொங்குகிறது. துவைத்துத் துவைத்துப் பூவாகிப்போன நூல் சேலை. புதுச் சேலையில் எந்தப் பிள்ளையும் தூங்காது என்பது அந்த வீட்டுச் சட்டம். இருந்தாலும் உத்திரத்தைக் கழற்றிச் சென்னைக்குக் கொண்டுபோக முடியாது என்று வாதாடினேன்.

ஜெர்மனியில் எரிகா ஹாஃப்மான் என்ற அம்மாள் இரட்டைப் பிள்ளை பெற்று, இரண்டையும் சமாளிக்கத் துணியில் கட்டித் தூக்கிக்கொண்டு நடந்ததையும், அதைப் பார்த்தவர்கள் எங்களுக்கும் வேண்டும் என்று கேட்க 1972இல் அதையே ஒரு வியாபாரமாகத் தொடங்கியதையும் சொன்னேன். கம்பெனிக்கு டிடிமோஸ் என்று பெயர். கிரேக்கத்தில் இரட்டையர் என்று அர்த்தம். “ரெண்டு பெத்தவளுக்கு அது வேணும்,” என்றார் மாமியார். “நீங்க ஒண்ணுதானே பெத்திருக்கீக?”

தாலாட்டுப் பாடிப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பாடினேன். பலிக்கவில்லை. பிள்ளைத்தமிழில் காப்பும் செங்கீரையும் முடிந்த பிறகுதான் தாலப் பருவம் வருகிறது. அதுவரைக்கும் பிள்ளையைத் தாலாட்டும் யோசனையே அந்தப் புலவர்களுக்கு வரவில்லை. மீனாட்சியம்மைக்குப் பிள்ளைத்தமிழ் பாடிய குமரகுருபரர் எங்கள் மாவட்டத்து ஸ்ரீவைகுண்டத்துக்காரர். ஐந்து வயது வரை வாய் திறக்காமல் இருந்தார் என்று சொல்வார்கள். அந்த வீட்டில் யார்தான் நடு ராத்திரியில் எழுந்திருக்கப் போகிறார்கள்?

முதல் நாள் ஸ்லிங்கைக் கட்டி முடிக்க நாற்பது நிமிஷம் பிடித்தது. அதற்குள் மகள் பாயில் தானாகவே தூங்கிவிட்டாள். மூவாயிரம் ரூபாய் வீணாகிவிடக் கூடாதே என்று எழுப்பி உள்ளே வைத்தேன். அதற்கு மனைவி சொன்னதை இங்கே எழுத முடியாது.

இரண்டாம் நாள் திண்ணையிலிருந்து தாத்தா கூப்பிட்டார். மனைவியின் தாத்தா. இந்தக் கடலில் கடைசியாக முத்துக்குளித்தது 1961இல். அப்போது தோணியில் நின்று கயிறு பிடித்த இளந்தாரி. குளிக்கிறவன் கல்லோடு கீழே போவான். மூச்சு ஒரு நிமிஷம் தாங்கும், மிஞ்சினால் ஒன்றரை. கயிறு அசைந்ததும் மேலே நிற்பவன் இழுக்க வேண்டும்.

“இங்க வாரும் மாப்ள. கைய விடும்,” என்றார். தாளைப் பார்க்கவில்லை. துணியின் நடுவைக் கண்டுபிடித்தார், முதுகில் குறுக்கே போட்டார், தோளில் இறக்கினார், ஒரு இழுப்பு இழுத்தார். எனக்கு மூச்சு முட்டியது. பிள்ளையை உள்ளே வைத்து, கால்களைத் தவளை மாதிரி விரித்து, இடுப்பில் முடிச்சுப் போட்டார். பதினோரு படமும் ஒரு நிமிஷத்தில் முடிந்தது. கடைசியாகப் பிள்ளையின் தாடையை ஒரு விரலால் நிமிர்த்திவிட்டு, “மூக்கு தெரியணும்,” என்றார்.

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட்டு இல்லை. தாடை நெஞ்சில் பதிந்துவிட்டால் கைக்குழந்தைக்கு மூச்சுக்குழல் மடங்கிவிடும்; முனகக்கூட முடியாது. அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2010 மார்ச்சில் ஸ்லிங்குகளைப் பற்றி எச்சரித்தபோது, இருபது ஆண்டுகளில் 14 சாவுகளைக் கணக்குச் சொன்னது. அதில் 12 பிள்ளைகள் நாலு மாதம்கூட ஆகாதவை. முகம் எப்போதும் கண்ணில் பட வேண்டும், குனிந்தால் உச்சியில் முத்தம் கொடுக்கும் உயரத்தில் இருக்க வேண்டும், தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். தாத்தா இதில் எதையும் படித்தவரில்லை. மூச்சு யாருக்கு எப்போது அடைக்கும் என்று பார்த்துக்கொண்டே நின்ற மனிதர்.

கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். கருப்பட்டிக் கடைக்காரர் தராசை அப்படியே பிடித்தபடி பார்த்தார். கரையில் மீன் ஏலம் முடிந்து கூடையைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு அக்கா, “பிள்ளையை எதுக்குக் கட்டிப் போட்டிருக்கீக, ஓடிருமா?” என்று கேட்டார். பக்கத்தில் நின்றவர், “எத்தன கிலோ?” என்றார். ஆறேகால் என்றேன். “பாத்தா ஏழு நிக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனார். வேம்பாருக்கு எதிரே கடலில் நல்லதண்ணித் தீவு என்றும் உப்புத்தண்ணித் தீவு என்றும் இருக்கின்றன. கரையை ஒரு சுற்று சுற்றி வருவதற்குள் என் சட்டையின் முன்பக்கத்தில் இரண்டும் இருந்தன: அவள் எச்சில், என் வேர்வை.

ஆனால் தூங்கிவிட்டாள். சத்தியமாகத் தூங்கிவிட்டாள். 1986இல் மாண்ட்ரியலில் 99 பிள்ளைகளை வைத்துப் பார்த்திருக்கிறார்கள்; கூடுதல் நேரம் தூக்கி வைத்திருந்த பிள்ளைகள் ஆறாவது வாரத்தில் 43 சதவீதம் குறைவாக அழுதனவாம். மிச்ச 57 சதவீதம் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு அதுவும் அடங்கியது.

அடங்கியது நான் உட்காரும் வரைக்கும். முட்டி மடங்கத் தொடங்கியதுமே ஒரு கண் திறந்தது. நின்றால் பாதிக் கண். நடந்தால் இரண்டும் மூடிக்கொண்டன. அப்போதுதான் எனக்கு விளங்கியது. தொட்டிலை வாங்கியிருக்கிறேன் என்று நினைத்தேன்; தொட்டில் துணிதான் வந்திருக்கிறது, உத்திரம் நான். உத்திரம் உட்காரக் கூடாது.

ஜப்பானில் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தில் குமி குரோடா குழுவினர் 21 பிள்ளைகளை வைத்து இதற்கு ஒரு வழி கண்டு 2022இல் வெளியிட்டார்கள். அழும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஐந்து நிமிஷம் நிற்காமல் நட. தூங்கிய பிறகு ஐந்திலிருந்து எட்டு நிமிஷம் அசையாமல் உட்கார். அதற்குப் பிறகு கிடத்து. பிள்ளையை எழுப்புவது முதுகு பாயில் படுவதல்ல, தாயின் உடம்பிலிருந்து பிரியும் அந்தக் கணம்தானாம். நாடித்துடிப்பை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

தாத்தாவிடம் சொன்னேன். “எட்டு நிமிசமா?” என்று கடலைப் பார்த்தார். “கயிறு பிடிக்கவன் எண்ணிக்கிட்டு நிக்க மாட்டான் மாப்ள. கையிலயே தெரியும்.”

நேற்றுச் சாயங்காலம் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த வள்ளத்தின் மேல் மெதுவாக உட்கார்ந்தேன். மகள் எழவில்லை. எண்ணக் கூடாது என்று தாத்தா சொல்லியிருந்தும் எண்ணினேன். ஆறு நிமிஷம். ஏழு. வீட்டுக்குப் போய்ப் பாயில் கிடத்தி, வடித்துப் போட்ட சோற்றைச் சூடாக ஒரு வாய் சாப்பிட்டு, காலை நீட்டிப் படுப்பது வரைக்கும் மனதில் ஓடிவிட்டது. அப்போது துணியின் ஓரத்தில், என் மூன்றாவது பொத்தானுக்குப் பக்கத்தில், சின்னதாக ஒரு இழுப்பு.

எழுந்து நடந்தேன்.