ஒற்றைக்கால் இயல்: சிங்கப்பூர்ச் சூழலில் சைடு ஸ்டாண்டு குறித்த ஓர் ஆராய்ச்சி

மோட்டார்சைக்கிளைப் பற்றி எழுதிய அறிஞர்கள் எல்லாரும் அது ஓடுவதைப் பற்றியே எழுதித் தள்ளியிருக்கிறார்கள். நிற்பதைப் பற்றி யாரும் மெனக்கெடவில்லை. அக்குறை தீர்க்கவே இக்கட்டுரை. ஆய்வுக் களம், தோ பாயோவில் ஒரு பல மாடிக் கார் நிறுத்துமிடம். ஆய்வுப் பொருள், என் மச்சான் வைத்திருக்கும் போர்க்காலத்து பி.எஸ்.ஏ. எம்20. ஆய்வு நிதியும் மச்சானுடையதே.

எண்ணிலிருந்து தொடங்குவது ஆய்வு மரபு. சிங்கப்பூரில் 35 வயது நிறைந்த வண்டியைக் ‘கிளாசிக்’ திட்டத்தில் பதிந்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஆண்டுக்கு ஆகக் கூடினால் 45 நாள்தான் சாலையில் இறக்கலாம். மிச்சம் 320 நாள், லீப் ஆண்டானால் 321 நாள், அது நின்றே தீர வேண்டும். ஆகவே இத்தீவில் பழைய மோட்டார்சைக்கிளின் தலையாய உறுப்பு சைடு ஸ்டாண்டுதான். எஞ்சின் ஒரு துணைக்கருவி. இந்த முடிவை மச்சான் ஏற்கவில்லை. எஞ்சினுக்கு அவர் கொட்டிய வெள்ளியை நினைத்தால் அந்த மறுப்பைப் புரிந்துகொள்ள முடிகிறது.

கலைச்சொல் பற்றியும் எங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ‘பக்கத்தாங்கி’ என்று நான் முன்மொழிந்தேன். “கடையில போய் அப்படிக் கேட்டீங்கன்னா ஊன்றுகோல் எடுத்துக் கொடுப்பான் மாப்பிள்ளை” என்றார். சைடு ஸ்டாண்டு என்பதே நிலைத்தது.

பி.எஸ்.ஏ. என்பதன் விரிவு பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ். 1861இல் துப்பாக்கி செய்பவர்கள் தொடங்கிய நிறுவனம். அதன் சின்னத்தை உற்றுப் பாருங்கள்: மூன்று துப்பாக்கிகளை ஒன்றன்மேல் ஒன்று சாய்த்துக் கூம்பாக நிறுத்தியிருப்பார்கள். முகாமில் சிப்பாய்கள் துப்பாக்கியை நிறுத்தும் முறை அது. ஒன்றை உருவினால் மற்ற இரண்டும் படுத்துவிடும். சைடு ஸ்டாண்டின் முழுத் தத்துவமும் அந்தச் சின்னத்துக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு சக்கரமும் ஸ்டாண்டின் பாதமும் தரையில் ஒரு முக்கோணம் வரைகின்றன. வண்டியின் எடை மையம் அதற்குள் விழும்வரை கவலையில்லை. மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுப் பாறையில் ஒற்றைக்காலில் நிற்கும் முனிவருக்கு இந்த வசதி கிடையாது. அவர் தவத்தால் நிற்கிறார், எம்20 வடிவியலால் நிற்கிறது. போருக்காக இந்த ரகத்தில் 1,26,000 வண்டிகள் செய்தார்களாம். அத்தனையும் இடப்பக்கம் சாய்ந்து நின்ற காட்சியைக் கற்பனை செய்யும்போது எனக்கே கழுத்து சாய்கிறது.

இனிப் பழுது. இவ்வாண்டு வண்டியைச் சாலையில் இறக்கிய நாற்பத்தைந்தாம் நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சிராங்கூன் சாலையில் மச்சான் ஓட்ட, பின்னால் நான். தேக்காவைத் தாண்டும்போது நடைபாதையிலிருந்து ஒரு குரல்: “அண்ணே, சைடு ஸ்டாண்டு!” அடுத்த கணம் வேறொரு குரல், பிறகு ஒரு கூட்டம். இது தனி ஆய்வுக்குரிய பொருள். பெயர் தெரியாத ஒருவன் கால் தட்டி விழுந்துவிடக் கூடாது என்று முன்பின் தெரியாத இன்னொருவன் பதறிக் கூவுவது தமிழ்நாட்டுச் சாலைகளின் அன்றாட அறம். கூவும்போதே கை தானாகக் கீழ்நோக்கிக் காட்டும். வேலைக்காகக் கடல் கடந்து வந்த தம்பிமார் அந்தப் பழக்கத்தையும் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார்கள். சாலை விரைவோ, லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையமோ இதை மாற்றவில்லை. புது வண்டிகளில் ஸ்டாண்டு இறங்கியிருந்தால் எஞ்சினை அணைக்கும் சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். எம்20க்குத் தேக்காவே சுவிட்ச்.

சுவிட்ச் வேலை செய்தது; மச்சான் செய்யவில்லை. அவர் குனிந்து பார்ப்பதற்குள் வண்டி இடப்புறம் திரும்பி, ஸ்டாண்டு தாரில் உரசி, ‘டங்’ என்றது. விழவில்லை. ஆனால் அன்று மாலை நிறுத்தியபோது வண்டி வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சாய்ந்தது, திண்ணையில் குந்தக் கிளம்பிய கிழவர் மாதிரி.

காரணத்தைக் கணக்கு காட்டியது. ஸ்டாண்டு திரும்பும் துளை ஓவலாகிவிட்டது. துளைக்குள் இருக்கும் புஷ்ஷின் நீளம் 20 மில்லிமீட்டர், ஸ்டாண்டு 300. துளையில் ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால் பாதத்தில் அது 15 ஆகப் பெருகும். எண்பது ஆண்டுத் தேய்மானத்தின் மேல் அந்த ‘டங்’ வந்து கையெழுத்துப் போட்டிருக்கிறது.

கழற்றுவதே ஒரு காண்டம். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிக்கு விட்வொர்த் ஸ்பேனர் வேண்டும். அதில் அரை அங்குலம் என்று பொறித்திருந்தால் அது போல்ட்டுத் தண்டின் தடிமன், தலையின் அகலம் அன்று. 1970இலேயே மெட்ரிக்குக்கு மாறக் கிளம்பிய நாட்டில் இதைக் கேட்டால் கடைக்காரர் நம்மைத்தான் அளந்து பார்ப்பார். முன்பானால் சுங்கை ரோடு திருட்டுச் சந்தையில் எவராவது சாக்கு விரித்து வைத்திருப்பார். 10 ஜூலை 2017 அன்று அதை மூடிவிட்டார்கள். ஸ்பேனரை மச்சானின் நண்பர் ஒருவர், திருப்பித் தரும் தேதியை எழுதி வாங்கிக்கொண்டு, கொடுத்தார்.

கழற்றிய ஸ்டாண்டைத் துணிப்பையில் சுற்றி எம்ஆர்டியில் பட்டறைக்குக் கொண்டுபோனோம். வண்டி அதுவரை தூணில் சாய்ந்திருந்தது. சீன அங்கிள் ஸ்டாண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து “கேன்” என்றார். எவ்வளவு நாள் என்றோம். “கேன்” என்றார். துளையை வெல்டிங்கில் அடைத்து, புதிதாகத் துளையிட்டு, வெண்கல புஷ் அடித்துக் கொடுத்தார்.

கடைசியில் ஸ்பிரிங். அது அச்சாணியின் ஒரு பக்கம் இருக்கையில் ஸ்டாண்டை மேலே இழுக்கும், தாண்டிவிட்டால் கீழே தள்ளிப் பிடிக்கும். ஆகையால் படு விறைப்பு; குறடு போட்டு இழுத்தால் விரல் போகும். பழைய மெக்கானிக் வழி: ஸ்பிரிங்கை அப்படி இப்படி வளைத்து ஒவ்வொரு சுற்றின் இடுக்கிலும் ஒரு நாணயத்தைச் செருகுவது. ஸ்பிரிங் தானே நீண்டு நிற்கும். கொக்கியில் மாட்டி ஸ்டாண்டை இறக்கினால் நாணயங்கள் உதிரும். 2002இல் வெளியிடுவதை நிறுத்திய ஒரு காசு நாணயத்துக்கு இவ்வாறு ஒரு பயன் கண்டறியப்பட்டது. அத்தையின் ஹார்லிக்ஸ் போத்தலிலிருந்து பதினான்கு எடுத்தோம். பதின்மூன்று திரும்பின. அத்தை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஓட்டிப் பார்க்க மச்சானுக்குக் கை பரபரத்தது. இவ்வாண்டுக்கு நாள் மிச்சமில்லை. நிறுத்திப் பார்த்தோம். நின்றது.