விண்ணப்பத் திணை: ஒரு முன்னாய்வு

தொல்காப்பியர் ஏழு திணைகளோடு நிறுத்திக்கொண்டார். அவர் காலத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு கிடையாது. ஆகவே அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் லட்சக்கணக்கான பிள்ளைகள் ஒரே இலக்கணத்துக்குக் கட்டுப்பட்டு, ஒரே துறையில், ஒரே நாள் முற்பகலில் இயற்றித் தரும் ஒரு பேரிலக்கியத்தை இனியும் திணையில்லாமல் விட்டுவைப்பது நியாயமில்லை. அலுவல் கடிதம் எனப்படும் அதற்கு விண்ணப்பத் திணை என்று பெயரிட்டு, எட்டாவதாகச் சேர்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

திணை என்றால் முப்பொருள் வேண்டும். நிலமும் பொழுதும் முதற்பொருள். சங்கப் புலவர்கள் ஒரு முல்லைப்பூவைக் காட்டிக் காட்டையும் கார்காலத்தையும் குறிப்பால் உணர்த்தினார்கள். நம் மாணவர்கள் 'இடம்', 'நாள்' என்று பெயரே எழுதி, பக்கத்தில் முக்காற்புள்ளியும் வைத்துவிடுகிறார்கள். குறிப்பால் உணர்த்தினால் அரை மதிப்பெண் போய்விடும். கருப்பொருள்களில் எரியாத தெருவிளக்கு, நிரம்பி வழியும் குப்பைத்தொட்டி, தேங்கிய மழைநீர், அதில் பிறக்கும் கொசு, ஓட்டலில் தந்த தரமற்ற சாம்பார் ஆகியவை தலையாயவை. உரிப்பொருள், பணிதலும் பணிதல் நிமித்தமும்.

இது அகமா புறமா என்பதில் சிலருக்கு ஐயம் எழலாம். அகம் என்றே கொள்க. அகப்பாட்டில் தலைவன் தலைவியின் பெயரைச் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. பொதுத்தேர்விலும் எழுதுகிறவர் யார், எந்த ஊர் என்பது விடைத்தாளில் தெரியக் கூடாது. எனவே வினாத்தாளே ஒரு பெயரைக் கொடுக்கும். கொடுக்காவிட்டால் அ, ஆ, இ துணைக்கு வரும். 'அ அ அ, எண் ஆ, இ தெரு' என்று ஓர் அனுப்புநர் தமக்கு வந்த கொசுக்கடியை உருகி உருகி எழுதும்போது, இரண்டாயிரம் ஆண்டு மரபு முறியாமல் தொடர்வதை உணரலாம்.

இத்திணையின் மூல நூல் எது? பதினோராம் திருமுறையின் தொடக்கத்தில் உள்ள திருமுகப் பாசுரம் என்பது எம் முடிவு. மதுரை ஆலவாயில் உறையும் சிவபெருமான், பாணபத்திரருக்குப் பொருள் கொடுத்தனுப்பும்படி சேரமான் பெருமாளுக்கு எழுதிய பரிந்துரைக் கடிதம் அது. அனுப்புநர் யார், எந்த ஊர் என்பது தெளிவாக இருக்கிறது. பெறுநர் இருக்கிறார். பொருள் உண்டு, கேட்டதே பொருள்தான். இருந்தும் இன்றைய விடைக்குறிப்பை வைத்துத் திருத்தினால் ஐந்துக்கு இரண்டரை தேறுவதே கடினம். நாள் இல்லை. 'மதிப்பிற்குரிய ஐயா' இல்லை. 'இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள' இல்லை. உறைமேல் முகவரிக்குக் கட்டமே போடவில்லை. தருமிக்கு எழுதிக் கொடுத்த பாட்டில் குற்றம் கண்ட நக்கீரர் வழிவந்த நம் தமிழாசிரியர்கள் இதிலும் தயவு காட்டமாட்டார்கள்.

உறைமேல் முகவரி தனி ஆய்வுக்கு உரியது. கடிதம் முடிந்ததும் மாணவர் அடிக்கோலை எடுத்துப் பென்சிலால் ஒரு செவ்வகம் வரைவார். அதன் வலது மேல்மூலையில் ஒரு சிறு சதுரம். அதற்குள் 'அஞ்சல்தலை' என்று எழுதப்படும். நேரம் மிச்சமிருக்கிற பிள்ளைகள் சதுரத்தைச் சுற்றிப் பல்பல்லாகவும் வரைவதுண்டு. சிலர் உள்ளே காந்தியையும் முயல்வார்கள், கண்ணாடியை வைத்து அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. விண்ணப்பத் திணைக்குள் அது இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. 'மின்வாரிய அலுவலகம், மதுரை' என்றாலே போதும், தபால்காரர் பாடு.

விடுப்பு விண்ணப்பம் இத்திணையின் கிளைத்துறை. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தமிழ்நாட்டு மாணவர்களைத் தாக்கும் நோய் காய்ச்சல் ஒன்றே என்பதும், அது இரண்டு நாளில் தீரும் என்பது முதல் நாளே தெரிந்துவிடும் என்பதும் மருத்துவத் துறை கவனிக்க வேண்டியவை. ஆங்கில வழியில் படித்தாலும் 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று அதே கிருமிதான்.

இனிப் பெறுநர் யார் என்ற வினாவுக்கு வருவோம். ஆய்வின் கடினமான பகுதி இது. உறைமேல் மின்வாரிய அலுவலர் என்று இருந்தாலும், கடிதத்தைப் படிப்பவர் விடைத்தாள் திருத்தும் ஆசிரியர். கிடைப்பது விளக்கு அல்ல, மதிப்பெண். இதற்கும் முன்னோடி உண்டு. குளிரில் நடுங்கியபடி மதுரையில் கிடந்த சத்திமுத்தப் புலவர், ஊரிலிருந்த மனைவிக்கு நாரையிடம் சேதி சொன்னார். அது நாரை வழியே மனைவியிடம் போய்ச் சேர்ந்ததோ இல்லையோ, பாண்டியன் காதில் விழுந்து பரிசாக விளைந்தது என்பார்கள். பெறுநர் ஒருவர், கேட்பவர் வேறொருவர் என்னும் உத்தியை ஆண்டுதோறும் நம் பிள்ளைகள் பழுதறக் கையாள்கிறார்கள்.

அற்றேல், உண்மையாகவே அந்தக் கடிதம் மின்வாரியத்துக்குப் போனால் விளக்கு எரியாதோ எனின், எரியாது. தெருவிளக்கைப் பராமரிப்பது உள்ளாட்சியின் வேலை. சென்னையில் மாநகராட்சி, கிராமத்தில் 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி அது ஊராட்சியின் கடமை. மின்வாரியம் கம்பிக்கு மின்சாரம் தரும், அவ்வளவே. குறிஞ்சியில் நெய்தல் வந்து கலந்தால் திணை மயக்கம் என்று அமைதி சொல்வோம். பாடப்புத்தகமே மின்வாரிய அலுவலருக்கு எழுதச் சொல்வதால், இதைப் பெறுநர் மயக்கம் என்று குறித்து மேலே செல்வதே மரபு.

கள ஆய்வுக்காக ஒரு மாவட்ட ஆட்சியர் அலுவலகம் சென்றோம். திங்கட்கிழமை, மக்கள் குறைதீர்க்கும் நாள். வாசலில் வேப்பமரத்தடியில் மடக்கு மேசை போட்டு மனு எழுதித் தருகிறவரிடம் ஒரு தாயும் பள்ளிச் சீருடையில் மகளும் வந்து நின்றார்கள். மகள் தானே எழுதிய மனுவை நீட்டினாள். அனுப்புநர், பெறுநர், பொருள், சார்பு, எல்லாம் அளவெடுத்து நிறுத்தியதுபோல் இருந்தன.

"கையெழுத்து நல்லா இருக்கு பாப்பா. எந்தக் கம்பம்?"

"எங்க தெருவுலண்ணே."

"தெருவுல எத்தன கம்பம் இருக்கு?"

"எட்டு. அதுல ரெண்டுதான் எரியல."

"அந்த ரெண்டோட நம்பர் எங்க? கம்பத்துலயே பெயிண்ட்ல போட்டிருக்கும். 'ஆவன செய்யுமாறு'ன்னு எழுதியிருக்க, எதுக்கு ஆவன? செல் நம்பரும் காணோம். ஆபீஸ்ல எடுத்துப் பாத்தா யார கூப்பிடுவாங்க?"

"இப்படி எழுதித்தாண்ணே பரிச்சையில அஞ்சுக்கு அஞ்சு வாங்குனா," என்றாள் தாய்.

அவர் 'மின்வாரிய அலுவலர்' என்பதை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, மேலே ஊராட்சியின் பெயரைக் கேட்டு எழுதினார். சிறுமி அந்த அடித்தலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அம்மாவின் போனை வாங்கி, கம்பத்து எண்ணைப் பார்த்துச் சொல்லும்படி பக்கத்து வீட்டு அத்தையைக் கூப்பிட்டாள்.

கம்ப எண் முதற்பொருளைச் சேர்ந்ததா கருப்பொருளைச் சேர்ந்ததா என்பதில் இக்கட்டுரையாளருக்கு இன்னும் தெளிவு பிறக்கவில்லை. கம்பம் நிலத்தில் நடப்பட்டிருப்பதால் முதற்பொருள் என்று வாதிடலாம். நாய்கள் அதைப் பயன்படுத்தும் விதத்தைப் பார்த்தால் கருப்பொருள் என்றே தோன்றுகிறது.