முருங்கைக்காய்க்குப் பிளேன் ரிக்கற்

மோனை, கனடாவிலை இருந்து வந்து, போனும் கையுமாய் அச்சுவேலிச் சந்தைக்குள்ளை நிண்டுகொண்டு ஒரு கத்தரிக்காயைத் தூக்கி, "இது எத்தினை மைல் ஓடி வந்தது?" எண்டு கேட்டால் யாவாரி சிரிக்காமல் என்ன செய்வான்? பக்கத்துப் பத்தைமேனியிலை பிடுங்கிச் சைக்கிள் கரியரிலை கட்டி வந்த கத்தரிக்காய்க்கு மைலும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. மைல் எண்ணுற ஆசை எண்டால் சந்தையை விட்டிட்டு உன்ரை பெரியம்மாவின்ரை குசினிக்குள்ளை போ. உலகப்படம் முழுக்க அங்கைதான் கிடக்கு.

விடியக்காலைத் தேத்தண்ணியிலை தொடங்கு. தேயிலை மலைநாட்டிலை இருந்து வந்தது. அது நாட்டுக்குள்ளை, விடு. அதுக்குள்ளை கரைச்ச பால்மா நியூசிலாந்திலை இருந்து பத்தாயிரம் கிலோமீற்றருக்கு மேலை கடல் கடந்து வந்தது. கொட்டிலிலை பசு நிண்டு கத்துது. அதின்ரை பாலை வித்துப்போட்டு, அந்தக் காசிலை பெரியம்மா பால்மா வாங்கிறா. கேட்டால், "மா கலந்தால்தான் தேத்தண்ணி நல்லாய் இருக்கும்" எண்டுவா. மாடு இதைக் கேட்டுக்கொண்டுதான் நிக்குது.

பேந்து பாண். இலங்கையிலை ஆர் கோதுமை விதைக்கினம்? அது கப்பலிலை திருகோணமலைக்கு வந்து, 1980 இலை இருந்து அங்கை ஓடுற பிறிமா ஆலையிலை மாவாகி, போறணைக்குள்ளை போய்ப் பாணாய் வெளியிலை வருது. "பாண் வேண்டாம், எங்கடை புட்டைத் தாங்கோ" எண்டு சொல்லித் தப்பப் பார்ப்பாய். தப்பேலாது. அரிசிமாவோடை பாதிக்குப் பாதி அமெரிக்கன் மா எண்ட கோதுமைமா கலந்துதான் இப்ப கன வீடுகளிலை புட்டு. எங்கடை பாரம்பரியம் எண்டு நீ படம் எடுத்துப் போடுற புட்டிலை பாதி வெளிநாட்டுக் குடிமகன்.

மத்தியானம் பருப்புக்கறி. கனடாவிலையும் அவுஸ்திரேலியாவிலையும் விளைஞ்ச பருப்பு. நாங்கள் உன்னைப் படிப்பிச்சுக் கனடாவுக்கு அனுப்பினம்; கனடா எங்களுக்குப் பருப்பு அனுப்புது. பண்டமாற்றிலை எங்களுக்கு நட்டம் எண்டு சொல்லமாட்டன். பருப்பு மாதாமாதம் தவறாமல் வருது. நீ அஞ்சு வரியத்துக்கு ஒருக்கா வாறாய்.

மிளகாயும் வெங்காயமும் எங்கடை எண்டு நெஞ்சை நிமித்தாதை. செத்தல் மிளகாயும் பம்பாய் வெங்காயமும் இந்தியாவிலை இருந்து வருது. 1970 இலை வந்த அரசாங்கம் வெளிநாட்டு மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கை மறிச்ச காலத்திலை இந்த யாழ்ப்பாணத்துச் செம்பாட்டு மண்ணுக்கு ஒரு மவுசு இருந்தது. வெங்காயம் வித்துக் கல்வீடு கட்டினவை, உழவுமிசின் வாங்கினவை, பொம்பிளைப்பிள்ளைக்குச் சீதனம் குடுத்தவை இருக்கினம். 1977 இலை இறக்குமதிக்குக் கதவைத் திறந்துவிட்டினம், விலை விழுந்தது. தோட்டக்காரன்ரை மகன் மம்பெட்டியை வைச்சிட்டுப் பாஸ்போட் எடுத்தான். அந்தக் கணக்கை உன்ரை போன் காட்டாது.

இப்ப மைல் கதைக்கு வருவம். சாப்பாட்டுக்கு மைல் எண்ணுற யோசினையை 1990களின்ரை தொடக்கத்திலை சொன்னவர் லண்டனிலை ரிம் லாங் எண்ட பேராசிரியர். தின்னுற சாமான் எங்கையிருந்து வருதெண்டு சனம் யோசிக்கட்டும் எண்டதுதான் அவற்றை நோக்கம். நல்ல மனிசன். ஆனால் பேந்து வந்தவை, கிட்ட விளைஞ்சது புண்ணியம், தூர விளைஞ்சது பாவம் எண்டு அதை ஒரு சமயமாக்கிப்போட்டினம்.

கிழவனுக்கு உது விளங்காதெண்டு நினையாதை. நானும் பேப்பர் வாசிக்கிறனான். அமெரிக்காவிலை கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்காரர் 2008 இலை தங்கடை நாட்டுச் சாப்பாட்டை அளந்து பார்த்தினம். சாப்பாட்டாலை வாற புகைக்குள்ளை 83 வீதம் விளைவிக்கிற இடத்திலையே வந்திடுது. போக்குவரத்து எல்லாம் சேர்த்து 11 வீதம். அதிலை தோட்டத்திலை இருந்து கடைக்குக் கொண்டாற பங்கு 4 வீதம். அப்ப நீ அந்த 4 வீதத்துக்குத்தான் சந்தையிலை நிண்டு சண்டை பிடிக்கிறாய்.

அதோடை எத்தினை மைல் எண்டதை விட எதிலை வந்தது எண்டு கேள். ஒரு தொன் சாமானை ஒரு கிலோமீற்றர் கொண்டுபோகக் கப்பல் விடுறது 10, 20 கிராம் காபனீரொட்சைட்டு. லொறி அதைப்போலை பத்து மடங்கு. பிளேன் ஒரு கிலோவுக்கு மேலை. கனடாப் பருப்பு கப்பலிலை ஆறுதலாய் வாற பிராணி. அது பெரிய பாவி இல்லை.

பெரிய பாவி ஆர் தெரியுமோ? எங்கடை வேலி முருங்கைக்காய். இஞ்சை அதைக் கொக்கத்தடியாலை வளைச்சுப் பிடுங்கிறம். நீங்கள் ரொறன்ரோவிலை பனிக்குள்ளை இருந்து "ஊர் முருங்கைக்காய் இல்லாமல் ஒரு கறியோ?" எண்டு ஏங்க, அது கட்டுநாயக்காவிலை ஏறி 14,000 கிலோமீற்றர் பறந்து வருது. கணக்குப் பார்: ஒரு கிலோ முருங்கைக்காய்க்கு ஏறத்தாழ 15 கிலோ காபனீரொட்சைட்டு. வாழ்நாளிலை பிளேன் ஏறாத கிழவன் நான். என்ரை வேலி முருங்கைக்காய் என்னைவிட உலகம் கண்டது.

உன்ரை கணக்கையும் ஒருக்காப் பாப்பம், கோவியாதை. ரொறன்ரோவிலை இருந்து வந்து திரும்பிப் போக ஒரு தலைக்கு 2 தொன் காபனீரொட்சைட்டுக்குக் குறையாது. இலங்கையிலை ஒரு ஆள் ஒரு வரியம் முழுக்க விடுறது ஏறத்தாழ 1 தொன். அப்ப சிக்கனமாய்ச் சீவிக்க எனக்குப் படிப்பிக்க வந்த செலவு, என்ரை ரெண்டு வரியச் சீவியம். படிப்பு நல்ல படிப்பு. வாத்தியாருக்குப் போக்குவரத்துத்தான் கொஞ்சம் கூடிப்போச்சு.

ஊர்ச்சாமான் எல்லாம் சுத்தம் எண்டும் சொல்லமாட்டன். ஞாயிற்றுக்கிழமைப் பங்கு இறைச்சியை எடு. ஆடு கோடிக்குள்ளை நிண்டு கிளுவையும் பூவரசும் திண்டு வளர்ந்தது. மைல் பூச்சியம். ஆனால் அது அசைபோட்டு ஏவறை விட மீதேன் வருகுதே! 119 நாட்டிலை ஏறக்குறைய 38,700 தோட்டங்களின்ரை கணக்கைக் கூட்டி 2018 இலை வந்த ஆய்வொண்டு சொல்லுது: ஆட்டிறைச்சி ஒரு கிலோவுக்கு உலகச் சராசரி 40 கிலோ அளவு புகை, பருப்பு வகைக்கு 2 கிலோவுக்குக் கீழை. அப்ப கடல் கடந்து வந்த பருப்பு, கோடிக்குள்ளை கட்டின கிடாயிட்டை வெண்டுபோட்டுது. இதை உன்ரை பெரியம்மாவுக்குச் சொல்லிப்போடாதை. எனக்குக் கிடைக்கிற ஒரே ஒரு ஞாயிறும் போயிடும்.

வெங்காயத் தோட்டமும் அப்பிடித்தான். இறைக்கிறது மிசின். போடுறது யூரியா, அது எரிவாயுவிலை செய்து கப்பலிலை வாற சாமான். கூடப் போட்டால் மண்ணிலை இருந்து நைதரசொட்சைட்டு எழும்பும்; அது காபனீரொட்சைட்டைப்போலை 270 மடங்கு சூடேத்தும். மிச்சம் சுண்ணாம்புக்கல்லுக்காலை இறங்கி நைத்திரேற்றாய் எங்கடை கிணத்துக்குள்ளையே வருது. அதுக்காண்டி ஒரே நாளிலை மறிச்சாலும் சரிவராது. 2021 இலை இரசாயனப் பசளையை அரசாங்கம் மறிச்சுது; நெல் விளைச்சல் விழுந்தது; கடைசியிலை அரிசியையும் கப்பலிலை எடுத்தினம். பசளைக் கப்பலை மறிச்சு அரிசிக் கப்பலைக் கூப்பிட்ட கெட்டித்தனம் வேறை எந்த நாட்டுக்கு வரும்?

மைல் இல்லாத சாப்பாடு எண்டால் எங்களிட்டைப் படி. சண்டைக்காலத்திலை, 1990 இலை இருந்து யாழ்ப்பாணத்துக்கு வாற பாதையைப் பூட்டினவை. எரிபொருள் வராது, பசளை வராது, பற்றறியும் வராது. ரெண்டு துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயிலை மோட்டச்சைக்கிள் ஓடினம். சைக்கிளைக் கவிட்டு வைச்சு மிதிச்சு டைனமோவிலை றேடியோ கேட்டம். ஒடியற்புட்டு, மரவள்ளிக்கிழங்கு, குரக்கன், முசுட்டை இலை. 2006 இலை ஏ-9 பாதையைத் திரும்பப் பூட்டினாப்போலை இன்னொருக்காப் படிச்சம். காபன் குறைச்ச சனத்துக்கு உலகம் விருது குடுக்கிறதெண்டால் அந்த வரியங்களிலை முதல் பரிசு யாழ்ப்பாணத்துக்குத்தான். ஒருத்தரும் தரேல்லை. பசியிலை குறைஞ்சதை ஆரும் சாதனை எண்டு எழுதினால் அவனை எங்கடை படலைக்குள்ளை விடமாட்டன். தானாய்க் குறைக்கிறது வேறை, கழுத்தை நெரிச்சுக் குறைக்கிறது வேறை.

தானாய்க் குறைக்கிறதெண்டால் உங்கடை சாமத்தியவீட்டிலை தொடங்கலாம். வெளிநாட்டுக் காசிலை மண்டபம், ஹெலிகொப்ரர், இருவது வகைக் கறி. பின்னேரம் மண்டபத்துக்குப் பின்னாலை போய்ப் பார். குழிக்குள்ளை கொட்டின சோத்தை நாயும் திரும்பிப் பாக்காது. உலகம் 2022 இலை கொட்டின சாப்பாடு 105 கோடி தொன் எண்டு ஐக்கிய நாடுகள் சபையின்ரை சுற்றாடல் அமைப்பு எழுதியிருக்கு. விளைஞ்சும் வீணாய்ப்போற சாப்பாட்டாலை வாற புகை, உலகத்துப் பிளேன் எல்லாம் விடுறதைப்போலை ஏறக்குறைய அஞ்சு மடங்காம். கொட்டின சோத்துக்கு மைல் கணக்கும் வேண்டாம், வாகனக் கணக்கும் வேண்டாம். அது விளைஞ்சதே தெண்டம்.

அப்ப சொல்லுறன், கேள். போனிலை மைல் எண்ணுறதை நிப்பாட்டு. பனங்கிழங்கு, ஒடியல், முருங்கையிலை, சந்தைக் கத்தரிக்காய் கிடைக்கிற காலத்திலை அதைத் தின். தோட்டக்காரனிட்டைப் பேரம் பேசி அஞ்சு ரூபா குறைக்காதை. அவன் மம்பெட்டியை வைச்சிட்டால் உனக்குக் கிட்டவாய் விளைவிக்க ஆள் இருக்காது. பருப்பு கப்பலிலை வரட்டும், அதைத் திட்டாதை. இறைச்சியைக் குறை, எனக்கு வயசு போட்டுது, என்னை விடு. சட்டியிலை மிச்சம் விடாதை. முருங்கைக்காயைப் பிளேனிலை ஏத்தாதை. ஆசை வந்தால் வந்து தின். வந்தால் பத்து நாளிலை ஓடாமல் ரெண்டு மாசம் நிண்டு போ. ஒரு ரிக்கற்றுக்கு ரெண்டு தரத்துச் சாப்பாடு. காபனும் மிச்சம், பெரியம்மாவுக்கும் சந்தோசம்.