அப்பாவின் குறட்டை

1985இல் எங்கள் வீட்டுத் திண்ணையில் அப்பா படுத்தால் எதிர்வீடு வரை குறட்டை கேட்கும். "படுத்த உடனே தூங்கிடுறாரு. கொடுத்து வச்ச மனுசன்" என்பார் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. நாங்களும் அப்படித்தான் நம்பினோம். பஸ்ஸில் நின்றபடி, சாப்பாட்டுத் தட்டின் முன்னால், பேப்பரை விரித்த கையோடு, எங்கே இருந்தாலும் அவருக்குக் கண் சொக்கிவிடும். எழும்போதே தலைவலி; அம்மா சுக்குப் பற்றுப் போடுவாள்.

அந்தச் சத்தம் இருக்கும்வரை அம்மா நிம்மதியாகத் தூங்குவாள். சத்தம் நின்றால் விழித்துக்கொள்வாள். இருட்டில் கையை நீட்டி அப்பாவின் தோளை உலுக்குவாள். "ஹக்" என்று மூச்சு வெடித்து வரும். குறட்டை மறுபடி தொடங்கிய பிறகே கண்ணை மூடுவாள்.

போன வருடம் எனக்குத் தூக்கப் பரிசோதனை செய்தார்கள். தலையெல்லாம் வயர், மூக்கில் குழாய், விரலில் கிளிப். காலையில் டாக்டர் என் ராத்திரியைத் திரையில் ஓட்டிக் காட்டினார். மூச்சுக் கோடு தட்டையாகக் கிடக்கிறது: 10 விநாடி, 20, 40. அதன் கீழே ஆக்ஸிஜன் கோடு சரிகிறது. சட்டென்று மூளை அலைகள் சிலிர்க்கின்றன, மூச்சு திரும்புகிறது. மணிக்கு 42 தடவை இப்படி. 30 ஆனாலே கடுமை என்பது கணக்கு. தூக்கத்தில் தொண்டைத் தசைகள் எல்லோருக்கும் தளரும். சிலருக்கு மூச்சுப் பாதையே அடைத்துக்கொள்கிறது. ரத்தத்தில் கரியமில வாயு ஏறுவதை மூளைத்தண்டு உணர்ந்து ஆளை எழுப்புகிறது. சில விநாடி விழிப்புதான், காலையில் நினைவிருக்காது. ஆனால் ஆழ்ந்த தூக்கம் துண்டு துண்டாகிவிடும்.

அந்தத் தட்டைக் கோட்டில் எனக்கு அப்பா தெரிந்தார். எங்கள் வீட்டில் நன்றாகத் தூங்குகிறவர் என்று பேர் வாங்கியவர் பல வருடம் தூக்கமே இல்லாமல் கிடந்திருக்கிறார். 54 வயதில் பக்கவாதம். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தவர்கள் ஒருவரும் குறட்டையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

இப்போது சிபேப் மாஸ்க் மாட்டிக்கொண்டு படுக்கிறேன். காற்றை அழுத்தமாகச் செலுத்தித் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கும் கருவி. 83 வயது அம்மா அதன் குழாயைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது எப்படா வந்துச்சு?" என்றாள்.

சிட்னியில் காலின் சல்லிவன் என்ற டாக்டர், வாக்குவம் கிளீனர் மோட்டாரைக் காற்று ஊதும்படி மாற்றி முதல் கருவியைச் செய்ததைச் சொன்னேன். அதை 1981இல் உலகுக்கு அறிவித்தார் என்றும் சொன்னேன்.

"அப்ப உங்கப்பா இருந்தாரேடா" என்றாள்.